பால் கேனில் உறையாத ரத்தம்

இதய வால்வு மாற்றிக்கொண்டவர் இருக்கும் வீட்டில் கீரைக்கு ஒரு கணக்கு உண்டு. “வாரத்துக்கு ரெண்டு நாள் சாப்பிடறவங்கன்னா ரெண்டு நாளே சாப்பிடுங்க. திடீர்னு கூட்டாதீங்க, அடியோட நிறுத்தவும் செய்யாதீங்க” என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருப்பார். அவ்வப்போது ரத்தம் எடுத்து ஐ.என்.ஆர். என்ற ஓர் எண்ணைப் பார்ப்பார்கள். எண் ஏறினால் மாத்திரையைக் குறைப்பார்கள், இறங்கினால் கூட்டுவார்கள். ரத்தம் கட்டிப்போகாமல் இருக்க அந்தக் குட்டி மாத்திரை. சிலருக்கு வார்ஃபரின், சிலருக்கு அதன் நெருங்கிய உறவான அசிட்ரோம்.

வார்ஃபரின் எலிமருந்தாகவும் விற்றிருக்கிறது. சொல்லப்போனால் முதலில் விற்றதே அப்படித்தான். அதை அறிந்தவர்கள் பலர் உண்டு. ஆனால் அந்தப் பெயரின் முதல் பாதியான ‘வார்ஃப்’ ஒரு பல்கலைக்கழகத்தின் அறக்கட்டளையைக் குறிக்கிறது என்பது அவ்வளவாகத் தெரியாது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர்கள் தொடங்கிய ஆராய்ச்சி அறக்கட்டளை ஒன்று உண்டு. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் வார்ஃப். பின்பாதியான ‘அரின்’ வந்தது, காய்ந்த தீவனப்புல்லில் இருக்கும் ஒரு வாசனைப் பொருளின் பெயரிலிருந்து. ஒரு பல்கலைக்கழகமும் புல்லும் ஒரே மாத்திரையில் எப்படி வந்து சேர்ந்தன என்று தேடிப்போனால், கதை ஆய்வகத்தில் தொடங்கவில்லை. ஒரு மாட்டுத்தொழுவத்தில் தொடங்குகிறது. அதற்கும் முன்னால், கோதுமை பொய்த்துப்போன வயல்களில்.

விஸ்கான்சின், அமெரிக்காவின் வடக்கே மிச்சிகன் ஏரியின் மேற்குக் கரையில் இருக்கும் மாநிலம். 1848இல் அது மாநிலமான அதே ஆண்டில் மேடிசன் நகரில் பல்கலைக்கழகமும் தொடங்கிவிட்டது. அப்போது அங்கே எல்லோரும் கோதுமைதான் போட்டார்கள். 1860வாக்கில் கோதுமை விளைச்சலில் நாட்டிலேயே இரண்டாம் இடம். ஆண்டுக்காண்டு அதே பயிரைப் போட்டால் மண் என்ன செய்யும்? சாரம் இறங்கியது. கூடவே தண்டைச் சப்பி உறிஞ்சும் ஒரு பூச்சி கூட்டங்கூட்டமாக வந்தது. சிலர் நிலத்தை விற்றுவிட்டு மேற்கே போனார்கள். போகாமல் நின்றவர்கள் மாடு வாங்கினார்கள்.

பக்கத்தில் இருந்த பல்கலைக்கழகத்தை அவர்கள் பெரிதாக மதிக்கவில்லை. புத்தகம் படித்து ஏர் ஓட்ட முடியுமா என்ற கேலி எல்லா ஊரிலும் உள்ளதுதானே. 1862இல் லிங்கன் கையெழுத்திட்ட ஒரு சட்டப்படி, விவசாயமும் தொழிற்கலையும் சொல்லித்தரும் கல்லூரிகளுக்கு ஒவ்வொரு மாநிலத்துக்கும் நிலம் கிடைத்தது. விஸ்கான்சினுக்கு 2,40,000 ஏக்கர். அதை விற்ற காசில் விவசாயப் பாடம் வந்தது, மாணவர்கள்தான் வரவில்லை. வருடம் முழுக்க மகனைக் கல்லூரியில் விட்டுவிட்டால் தொழுவத்தை யார் பார்ப்பது?

1885இல் ஒரு மாற்றம் செய்தார்கள். குளிர்காலத்தில் வயல்மேல் பனி மூடிக் கிடக்கும், வீட்டுப் பையன்களுக்கு வேலை குறைவு. அந்த வாரங்களில் மட்டும் நடக்கும் குறும்படிப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். பேராசிரியர்கள் ஊர் ஊராகப் போய் விவசாயிகளோடு உட்கார்ந்து பேசும் கூட்டங்களும் அப்போதுதான் ஆரம்பம். இதில் பெரிய தத்துவம் ஏதும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. கல்லூரியின் காலண்டரை மாட்டின் காலண்டரோடு ஒத்துப்போகச் செய்தார்கள், அவ்வளவுதான். அதற்கே ஒரு பல்கலைக்கழகத்துக்கு 37 வருடம் பிடித்தது.

1888இல் ஸ்டீபன் பாப்காக் என்ற வேதியியலாளர் நியூயார்க்கிலிருந்து வந்து சேர்ந்தார். ஜெர்மனியில் படித்த மனிதர், வாயைத் திறந்தால் கிண்டல். அப்போது விஸ்கான்சின் பாலில் ஒரு பெரிய தகராறு ஓடிக்கொண்டிருந்தது. வெண்ணெய் ஆலைகளும் பாலாடைக்கட்டி ஆலைகளும் பாலை எடை போட்டுத்தான் வாங்கின. எடைக்குக் காசு என்றால் தண்ணீருக்கும் காசு. ஒருவர் மேலாடையை எடுத்துவிட்டு ஊற்றுவார், இன்னொருவர் கிணற்றிலிருந்து கொஞ்சம் சேர்ப்பார். நல்ல பால் ஊற்றுகிறவருக்கும் அதே விலை. பாலில் கொழுப்பு எவ்வளவு என்று அளக்க வேதியியலாளர்களுக்குத் தெரியும். ஆனால் அதற்கு ஆய்வகமும் நேரமும் படித்த கையும் வேண்டும். அதிகாலையில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும் ஆலை வாசலில் அது நடக்குமா?

பாலில் கொழுப்பு நுண்துளிகளாகச் சிதறி இருக்கிறது. ஒவ்வொரு துளியையும் புரதப் போர்வை ஒன்று மூடியிருப்பதால் அவை ஒன்றோடொன்று சேர மாட்டா. பாப்காக், குறுகிய கழுத்துள்ள ஒரு குப்பியில் 17.6 மில்லிலிட்டர் பாலை விட்டார். ஏறக்குறைய அதே அளவு அடர்ந்த கந்தக அமிலத்தைச் சேர்த்தார். அமிலம் கேசினையும் மற்றப் புரதங்களையும் கரைத்துவிடும், பால் பழுப்பாகிக் கொதிக்கிற சூட்டுக்கு வரும். கொழுப்பை மட்டும் அமிலம் தொடாது. போர்வை போன துளிகள் விடுதலையாகிவிடும். குப்பியைச் சக்கரத்தில் மாட்டிக் கையால் சுழற்றினால் கனமானது அடிக்கும் கொழுப்பு மேலுக்கும் போகும். சுடுநீர் ஊற்றினால் கொழுப்பு கழுத்துக்கு ஏறி மஞ்சள் தூணாக நிற்கும். கழுத்தில் கோடுகள் போட்டிருக்கும். நான்காவது கோடு வரை நின்றால் நான்கு சதவீதம். கணக்குப் போட வேண்டியதில்லை, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும்.

எல்லா மாட்டுப் பாலுக்கும் இது சரியாக வந்ததாம், பல்கலைக்கழகத் தொழுவத்தில் இருந்த ஒரே ஒரு பசுவைத் தவிர. வெளியிட்டுவிடலாம் என்று மேலிடம் அவசரப்பட்டது, அந்த ஒரு பசுவுக்கும் சரிப்படும் வரை முடியாது என்று பாப்காக் மறுத்துவிட்டார் என்று கதை சொல்வார்கள். 1890இல் அறிக்கை வெளிவந்தது. காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் குப்பி செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

நம் ஊர்ப் பால் சொசைட்டியில் காலையில் போய் நின்றவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமாக இருக்கும். அங்கே வந்தது பாப்காக்கின் குப்பி இல்லை. ஏறக்குறைய அதே காலத்தில் சுவிட்சர்லாந்தில் கெர்பர் என்பவர் கண்டுபிடித்த, அமிலமும் அமைல் ஆல்கஹாலும் கொண்டு கொழுப்பை அளக்கும் பியூட்டிரோமீட்டர். தத்துவம் ஒன்றுதான்: அமிலம், சூடு, சுழற்சி, கோடு. இப்போது பல சொசைட்டிகளில் மின்கருவி வந்துவிட்டது. ஆனால் ‘ஃபேட் எவ்வளவு’ என்று கேட்டுப் பால் ஊற்றும் வழக்கம் அந்தப் பழுப்புக் குப்பிகளில் பிறந்தது.

எடைக்கு இருந்த காசு கொழுப்புக்கு மாறியதும் விஸ்கான்சினில் ஒழுங்கு தானாக வந்தது. கவர்னராக இருந்த பால்பண்ணைப் பத்திரிகையாளர் ஹோர்ட், பைபிளைவிட அதிகம் பேரை யோக்கியர்களாக்கியது இந்தக் குப்பிதான் என்று சொன்னதாகச் சொல்வார்கள். கலப்படம் குறைந்தது ஒரு பக்கம். அதைவிட ஆழமான மாற்றம் தொழுவத்துக்குள் நடந்தது. ஒவ்வொரு மாட்டின் பாலையும் தனித்தனியே சோதிக்க முடிந்ததால், தின்பதற்கு ஈடாகக் கறக்காத மாடு எது என்று முதல்முறையாகத் தெரிந்தது. எந்தக் கன்றை வைத்துக்கொள்வது, எதை விற்பது என்று எண் பார்த்து முடிவெடுத்தார்கள். பல்கலைக்கழகத்தைக் கேலி செய்தவர்கள் இப்போது சந்தேகம் வந்தால் மேடிசனுக்கு வண்டி கட்டினார்கள்.

பாப்காக்குக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. தீவனத்தில் புரதம் இவ்வளவு, மாவுச்சத்து இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு என்று அளந்து, சதவீதம் சரியாக இருந்தால் எல்லாத் தீவனமும் ஒன்று என்று அந்தக் கால நிபுணர்கள் சொல்லிவந்தார்கள். அந்தக் கணக்குப்படி பார்த்தால் பன்றிக்கு நிலக்கரியைக்கூடப் போடலாமே என்று அவர் சீண்டுவார். 1907இல் அவருடைய சகாக்கள் 16 கிடேரிகளை நான்கு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு மக்காச்சோளச் செடி மட்டும், ஒன்றுக்குக் கோதுமை மட்டும், ஒன்றுக்கு ஓட்ஸ், ஒன்றுக்குக் கலவை. வேதியியல் கணக்கில் எல்லாம் சமம். மக்காச்சோளம் தின்றவை பளபளப்பாக நின்றன. கோதுமை தின்றவை மெலிந்து, நல்ல கன்று போட முடியாமல் போயின. அளவுகோலில் அகப்படாத ஏதோ ஒன்று தீவனத்தில் இருந்தது. அதைத் துரத்திய மெக்கோலம் என்ற வேதியியலாளர், மாட்டை விட்டு எலிக்கு மாறி, 1913இல் பின்னாளில் வைட்டமின் ஏ எனப்பட்ட பொருளின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தார்.

பல்கலைக்கழகத்தின் நன்மை மாநிலத்தின் ஒவ்வொரு குடும்பத்தையும் எட்டும்வரை தனக்குத் திருப்தி வராது என்கிற பொருளில், அதன் தலைவராக இருந்த நிலவியலாளர் வான் ஹைஸ் பேசினார். பல்கலைக்கழகத்தின் எல்லை மாநிலத்தின் எல்லைதான் என்ற அந்தக் கருத்துக்கு ‘விஸ்கான்சின் ஐடியா’ என்ற பெயர் நிலைத்தது. 1912இல் சார்லஸ் மெக்கார்த்தி அதே பெயரில் புத்தகமும் எழுதினார். பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும், பல்கலைக்கழகத்திலிருந்து நன்மை வெளியே ஓடுகிறது, ஊர் ஏந்திக்கொள்கிறது என்ற படம்தான் அதில் தெரிகிறது. 1933இல் நடந்தது அந்தப் படத்துக்குள் அடங்காது.

அது பிப்ரவரி மாதம், சனிக்கிழமை பிற்பகல், பனிப்புயல். மாநிலத்தின் வடமேற்கில் டியர் பார்க் என்ற சிற்றூர்ப் பக்கமிருந்து ஒரு விவசாயி, சுமார் 190 மைல், அதாவது 300 கிலோமீட்டர், ஒரு லாரியை ஓட்டிக்கொண்டு மேடிசன் வந்தார். லாரியில் செத்த கிடேரி ஒன்று, ஒரு பால் கேன் நிறைய ரத்தம், 45 கிலோவுக்குக் கெட்டுப்போன காய்ந்த தீவனம். கேனில் இருந்த ரத்தம் உறையவே இல்லை.

சில வாரங்களாக அவருடைய மாடுகள் ரத்தம் கசிந்து செத்துக்கொண்டிருந்தன. காளைக்கு மூக்கில் ரத்தம் நிற்கவில்லை. மாநிலக் கால்நடை மருத்துவரைத் தேடித்தான் வந்தார். சனிக்கிழமை என்பதால் அந்த அலுவலகம் பூட்டிக் கிடந்தது. அலைந்து திரிந்து, ஆள் நடமாட்டம் தெரிந்த ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தார். அது உயிர்வேதியியல் துறை. உள்ளே இருந்தவர் கார்ல் பால் லிங்க், வயது 32.

இந்த நோய் அதற்குள் பெயர் வாங்கியிருந்தது. கனடாவிலும் வட டகோட்டாவிலும் 1920களில் மாடுகள் இப்படிச் செத்திருந்தன. கொம்பு நீக்கினால், காயடித்தால், அந்தச் சின்னக் காயத்திலிருந்தே ரத்தம் ஓடி மாடு விழுந்துவிடும். கனடாவின் ஃபிராங்க் ஸ்கோஃபீல்ட் என்ற கால்நடை மருத்துவர், பூஞ்சை பிடித்த ‘ஸ்வீட் குளோவர்’ தீவனம்தான் காரணம் என்று காட்டினார். நம்மூர்க் குதிரைமசாலுக்கு உறவுக்காரியான தீவனப்பயிர் அது. மெலிந்த மண்ணிலும் வளரும் என்பதால் வடபகுதி விவசாயிகள் விரும்பிப் போட்டார்கள். வட டகோட்டாவின் லீ ராடெரிக், ரத்தம் உறையத் தேவையான புரோத்ராம்பின் என்ற புரதம் அந்த மாடுகளின் ரத்தத்தில் வேலை செய்யவில்லை என்று கண்டார். ஆனால் தீவனத்தில் இருந்த நஞ்சு எது என்று யாருக்கும் பிடிபடவில்லை.

லிங்க் அந்த விவசாயிக்குச் சொல்ல முடிந்தது இரண்டே விஷயம்: இந்தத் தீவனத்தைப் போடாதீர்கள், முடிந்தால் மாட்டுக்கு வேறு மாட்டின் ரத்தத்தை ஏற்றுங்கள். பொருளாதார மந்தத்தின் நடுவில், பனிக்காலத்தின் நடுவில், கையில் இருக்கும் ஒரே தீவனத்தைப் போடாதே என்றால் மனிதர் என்ன செய்வார்? அவர் 300 கிலோமீட்டர் திரும்பிப் போனார்.

அன்று லிங்க்கோடு இருந்த ஷோஃபல் என்ற ஜெர்மானிய மாணவருக்கு ஆறவில்லை. கேனுக்குள் கையை விட்டு ரத்தத்தை அளைந்தபடி இருந்தாராம். இந்தப் புயலில் அத்தனை தூரம் வந்த மனிதருக்கு, ஐந்து, பத்து, பதினைந்து வருடத்தில் பலித்தாலும் பலிக்கலாம் என்ற ஒரு வாக்குறுதியைக் கொடுத்து அனுப்பிவிட்டோமே என்று இரவு வரை புலம்பினார். பல வருடம் கழித்து இதைச் சொன்னவர் லிங்க்தான். தன்னுடைய கண்டுபிடிப்பின் கதையை அவர் இந்தப் புலம்பலோடு சேர்த்தே எழுதிவைத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஷோஃபல் சொன்ன கணக்கு ஏறக்குறைய சரியாகவே வந்தது. கெட்ட தீவனத்திலிருந்து சாறு எடுப்பார்கள், முயலுக்குக் கொடுப்பார்கள், முயலின் ரத்தம் உறைய எத்தனை நேரம் ஆகிறது என்று பார்ப்பார்கள். உறைதல் தாமதித்தால் நஞ்சு அந்தப் பங்கில் இருக்கிறது. அதை மறுபடி பிரிப்பார்கள், மறுபடி முயல். ஆறு வருடத்துக்கு மேல் இதே வேலை. 1939 ஜூன் 28 அன்று ஹெரால்டு கேம்ப்பெல் என்ற ஆய்வாளரின் கையில், ஒரு சின்னக் குப்பியில், ஆறு மில்லிகிராம் வெள்ளைப் படிகம் இருந்தது. மறுவருடம் அதன் அமைப்பும் தெரிந்துவிட்டது.

ஸ்வீட் குளோவரில் கூமரின் என்ற பொருள் இயல்பாகவே இருக்கிறது. புதிதாக அறுத்துக் காயப்போட்ட புல்லில் எழும் இனிய வாசனை அதனுடையதுதான். வாசனை இனிமை, நாக்கில் கசப்பு. கூமரின் தனியாக இருந்தால் ரத்தத்துக்கு ஒன்றும் செய்யாது. தீவனம் சரியாகக் காயாமல் ஈரத்தோடு அடுக்கப்பட்டால் பூஞ்சை வரும். பூஞ்சை கூமரினை மாற்றி, மாற்றிய இரண்டு மூலக்கூறுகளைச் சேர்த்து முடிச்சுப் போடும். அந்த இரட்டைதான் டைகூமரால். மாட்டைக் கொன்றது அது.

எப்படிக் கொல்கிறது என்பது தெளிவாக இன்னும் நாற்பது வருடம் ஆனது. ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களைக் கல்லீரல் செய்கிறது. செய்த புரதம் கால்சியத்தைப் பற்றிக்கொண்டால்தான் வேலை செய்யும், பற்றுவதற்கு அதன்மேல் சில கொக்கிகளைப் பொருத்த வேண்டும். கொக்கி பொருத்தும் வேலைக்கு வைட்டமின் கே தேவை. ஒவ்வொரு முறையும் அந்த வைட்டமின் பயன்பட்டு உருமாறிவிடும். அதைப் பழைய நிலைக்குத் திருப்ப இன்னொரு நொதி இருக்கிறது.

கல்யாண வீட்டுச் சமையற்கட்டை நினைத்துக்கொள்ளலாம். இருப்பது நாலு அண்டா. சமைக்கச் சமைக்க ஒருவர் தேய்த்துத் தேய்த்துக் கொடுத்துக்கொண்டே இருப்பதால்தான் ஆயிரம் பேருக்குச் சாப்பாடு நடக்கிறது. தேய்ப்பவர் அன்று வரவில்லை என்றால்? அண்டாக்கள் அங்கேயேதான் இருக்கும், ஆனால் அழுக்காக. டைகூமரால் தடுப்பது அந்தத் தேய்ப்பவரை. வைட்டமின் உடம்பில் இருந்தும் உதவாமல் போகிறது. சமைத்து வைத்த பதார்த்தம் தீரும்வரை பந்தி நடப்பதுபோல, ஏற்கெனவே செய்துவைத்த புரதங்கள் தீரும்வரை சில நாட்களுக்கு ஒன்றும் தெரியாது. மருந்து தொடங்கி அது பிடிக்கச் சில நாள் ஆவதும் அதனால்தான். கீரையில் வைட்டமின் கே நிறைய. திடீரென்று கீரையைக் கூட்டுவது வெளியிலிருந்து புது அண்டாக்களை வாடகைக்கு எடுத்துவருவது மாதிரி. மருந்தின் பிடி தளர்ந்துவிடும். தேய்ப்பவர் விஷயத்தை 1978இல் தெளிவுபடுத்தியவர்களில் முக்கியமானவர் ஜான் சட்டி. அவர் இருந்ததும் விஸ்கான்சின் உயிர்வேதியியல் துறைதான்.

மாட்டைக் கொன்ற பொருள் மனிதருக்கு மருந்தாகலாம் என்பது உடனே புரிந்தது. காலில் ரத்தம் கட்டி அது நுரையீரலுக்குப் போய் உயிர் பறிப்பது அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய பெரும் பயமாக இருந்த காலம் அது. 1941லேயே மருத்துவமனைகளில் டைகூமராலைச் சோதித்தார்கள். 1945இல் லிங்க்குக்குக் காசநோய் வந்து சானடோரியத்தில் படுத்தார். படுக்கையில் எலி ஒழிப்பின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தபோது, சில நாள் கழித்துக் கொல்லும் நஞ்சுதான் எலிக்குச் சரி என்று பட்டது. சாப்பிட்ட உடனே ஒன்று செத்தால் மற்ற எலிகள் அந்தப் பக்கமே வராது. அவருடைய ஆய்வகம் செய்து வைத்திருந்த சுமார் 150 உறவுப் பொருள்களில் 42ஆம் எண்ணை எடுத்தார்கள். 1948இல் அது எலிமருந்தாகக் கடைக்கு வந்தது. பெயர் வார்ஃபரின்.

எலிமருந்தை மனிதருக்குக் கொடுக்க மருத்துவர்கள் தயங்கினார்கள். 1951இல் அமெரிக்கப் படையில் சேர்ந்த ஒருவர் அதை விழுங்கிவிட்டு மருத்துவமனைக்கு வந்தார். வைட்டமின் கே கொடுத்ததும் முழுதாகப் பிழைத்தார். மாற்று மருந்து கையில் இருக்கிறது என்ற தைரியம் அதில் வந்தது. 1954இல் மனிதருக்கான அனுமதி கிடைத்தது. 1955இல் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது குடியரசுத் தலைவருக்கே அதைக் கொடுத்தார்கள்.

காசு எங்கே போனது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. பாப்காக் குப்பியை இலவசமாக விட்டார். ஒரு தலைமுறை கழித்து, அதே வளாகத்தில் ஹாரி ஸ்டீன்பாக், உணவின்மேல் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினால் எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோயைத் தடுக்கும் வைட்டமின் டி உண்டாகிறது என்று கண்டார். காப்புரிமை வாங்கினார். அதை நிர்வகிக்கத்தான் 1925இல் வார்ஃப் பிறந்தது. லாபம் தன் பைக்கு வராமல் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. டைகூமராலும் வார்ஃபரினும் அதே பெட்டிக்குள் போயின. அந்தப் பணம் எத்தனையோ ஆய்வகங்களை வாழவைத்திருக்கிறது. பால் கேனோடு வந்தவருக்கு அதில் ஒன்றும் வரவில்லை. அவர் கேட்டதும் அதுவன்று.

ஸ்டீன்பாக் கதையில் இன்னொரு மூலை இருக்கிறது. ஊரோடு நெருங்குவதன் மறுபக்கம் அங்கேதான் தெரிகிறது. விஸ்கான்சின் பால் மாநிலம், வெண்ணெயின் எதிரி மார்ஜரின். நம்மூரில் நெய்க்கும் டால்டாவுக்கும் இருந்த பகைபோல, ஆனால் சட்டப் புத்தகம் வரை போன பகை. மஞ்சள் நிறம் சேர்த்த மார்ஜரினை விற்க அங்கே 1967 வரை தடை. மக்கள் பக்கத்து இல்லினாய்க்கு வண்டி ஓட்டிப் போய் வாங்கி வருவார்கள். வைட்டமின் டி உரிமத்தைப் பல நிறுவனங்களுக்குக் கொடுத்த வார்ஃப், மார்ஜரின் செய்பவர்களுக்கு மட்டும் கொடுக்கவில்லை. வெண்ணெய் விவசாயி பக்கத்து வீட்டுக்காரர் ஆயிற்றே. ஆனால் மார்ஜரின் ஏழைகளின் வெண்ணெய். ரிக்கெட்ஸும் பெரும்பாலும் ஏழைக் குழந்தைகளுக்கு வந்த நோய். 1940களின் நடுவில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அந்தக் காப்புரிமையைச் செல்லாது என்றபோது இதையும் சுட்டிக் கடிந்துகொண்டது.

பக்கத்து மாநிலமான அயோவாவில் 1943இல் இன்னும் வெளிப்படையாக நடந்தது. போர்க்காலச் சிக்கனம் பற்றி அங்கிருந்த அரசுக் கல்லூரி வெளியிட்ட சிறு வெளியீட்டில், சத்தில் மார்ஜரின் வெண்ணெய்க்கு இளைத்ததில்லை என்று ஆஸ்வால்டு பிரவுன்லீ என்ற இளம் பொருளியலாளர் எழுதினார். பால் சங்கங்கள் கொதித்தன, கல்லூரி பணிந்து வெளியீட்டைத் திரும்பப் பெற்றது. துறைத்தலைவர் தியோடர் ஷுல்ட்ஸ் ராஜினாமா செய்துவிட்டு சிகாகோ போனார். 1979இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றவர் அவர்தான்.

இன்னும் பின்னால் போனால், ‘ஊர்’ என்று யாரைச் சொல்கிறோம் என்றே கேட்க வேண்டியிருக்கும். மேடிசனின் ஏரிக்கரையை ‘டேஜோப்’, நான்கு ஏரிகள், என்று அழைத்தவர்கள் ஹோ-சங்க் மக்கள். 1832இல் வற்புறுத்தலில் கையெழுத்தான ஒப்பந்தத்தால் அந்த நிலம் அவர்களிடமிருந்து போனது. கல்லூரிகளுக்கென்று 1862 சட்டம் வாரிக்கொடுத்த ஏக்கர்களும் இப்படிப் பழங்குடிகளிடமிருந்து வந்தவையே. வான் ஹைஸ் சொன்ன ‘ஒவ்வொரு குடும்ப’த்தில் அந்தக் குடும்பங்கள் நெடுங்காலம் சேரவில்லை.

2015 பிப்ரவரியில் மாநில அரசின் வரவுசெலவு வரைவு வந்தபோது, பல்கலைக்கழகத்தின் நோக்கத்தைச் சொல்லும் சட்டப் பிரிவிலிருந்து விஸ்கான்சின் ஐடியாவின் வாசகங்களை யாரோ அடித்திருந்தார்கள். உண்மையைத் தேடுவதும் மனித வாழ்வை மேம்படுத்துவதும் போய், அந்த இடத்தில் மாநிலத்துக்குத் தேவையான வேலையாட்களைத் தயாரிப்பது என்று வந்திருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் வரைவில் நேர்ந்த தவறு என்று சொல்லிப் பழையபடி சேர்த்துவிட்டார்கள். நூறாண்டுப் பழைய ஒரு கருத்துக்காகச் சாதாரண மக்கள் அப்படிக் கோபப்பட்டது எனக்கு முதலில் விசித்திரமாகத்தான் இருந்தது.

டியர் பார்க் விவசாயியின் கேள்வி என்ன ஆனது? மருந்து, எலி, காப்புரிமை என்று கதை எங்கெங்கோ போய்விட்டாலும், அவர் கேட்டது மாட்டுக்கு என்ன போடுவது என்றுதான். அதே வளாகத்தில் மரபியல் துறையில் பிரிங்க் என்பவரும் ஸ்மித் என்பவரும், கசப்பில்லாத ஸ்வீட் குளோவர் வேண்டும் என்று, லிங்க்கிடம் அவர் வந்த சமயத்திலேயே அந்தச் செடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். கூமரின் குறைந்த காட்டு இனம் ஒன்றோடு இதைக் கலப்புச் செய்வது எளிதாக இருக்கவில்லை. பிறந்த நாற்றுகள் வெளிறிச் செத்தன. விடாமல் செய்து ஒருவழியாக ஒரு ரகம் வந்தது, பெயர் டென்டா. அதில் கூமரின் மிகக் குறைவு. மழையில் நனைந்து பூஞ்சை பிடித்தாலும் நஞ்சாக மாற அதில் சரக்கு இல்லை. அறுத்துக் காயப்போட்டால் பழைய அந்த வாசனையும் அதில் வராது.